கூரைத் துணியில் தங்கிய புகை

என் மூக்குக்குச் சம்பளம் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை, வேலையே அதுதான். ஓசூரில் கார் சீட்டுக்கு ஃபோம் வார்த்துத் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறேன். புதுக் காரில் ஏறி உட்கார்ந்தவுடன் எந்த நெடியும் மூக்கில் ஏறக் கூடாது என்று கார் கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிடுவார்கள். அதனால் ஃபோமிலும் துணியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, சூட்டுப் பெட்டிக்குள் வைப்போம். நன்றாகச் சூடேறிய பிறகு மூடியை லேசாகத் திறந்து நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக மோந்து பார்த்து மார்க் போட வேண்டும். அந்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. சோதனை இருக்கிற நாளில் தலையில் பூ கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, முந்தின நாள் பூண்டுக் குழம்பு கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை தலையில் பூ இல்லாமல் பஸ்ஸுக்கு நின்ற என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா, “என்னம்மா, ஊர்ல ஏதாச்சும் கெட்ட சேதியா?” என்று கேட்டுவிட்டார்.

இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு நான் சிகரெட் பிடிக்கிற மனுஷனோடு குடும்பம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் உத்தனப்பள்ளிக்காரர். அவருடைய அண்ணன் இன்றும் அங்கே தோட்டம் பார்க்கிறார், இவர் மட்டும் ஓசூரில் இன்னொரு கம்பெனிக்கு, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலைக்கு வந்துவிட்டார். நான் அருப்புக்கோட்டைப் பக்கம். வேலை தேடி வந்த இடத்தில் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கி, அது கல்யாணத்தில் முடிந்தது. அப்போதே அவர் சட்டைப் பையில் சிகரெட் இருந்தது. விடுங்கள் விடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். “விட்டுடறேன், விட்டுடறேன்” என்று சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போய்விடுவார்.

ஒருநாள் ஷிஃப்ட் நடுவே மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து, “இனிமே சிகரெட் தொட்டீங்கன்னா அடுத்த தடவை உங்களை இங்க கொண்டுவந்து சேர்க்க முடியாது” என்றார். எங்கள் மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

அவர் விட்டுவிட்டார். நிஜமாகவே விட்டுவிட்டார். கம்பெனியில் அவரை மிஷினிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள், பகல் ஷிஃப்ட் மட்டும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி முன்னால் நிற்பது மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். “செக்யூரிட்டி மேடம், பாத்துக்கோங்க” என்பார். நான் சட்டைக் காலர், விரல், மீசை எல்லாம் மோந்து பார்ப்பேன். “பாஸ்!” என்று நான் சொன்னால் மகள் கை தட்டுவாள். விளையாட்டாகத்தான் நடந்தது. எனக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. அந்த மோப்பத்துக்குப் பிறகுதான் அன்றைய நாளின் மூச்சே எனக்கு வெளியே வரும்.

குளிர் காற்றில் பைக் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செக்கப்புக்குப் பெங்களூர் போய்வர வேண்டும். அதனால் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. கர்நாடக எல்லை தாண்டினால் அத்திப்பள்ளியில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். மார்கழிக் காலையில் போனோம். எனக்கு ஜலதோஷம், மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. புரோக்கர் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, முன்னால் எலுமிச்சை வாசனை அட்டை இரண்டைத் தொங்கவிட்டிருந்தார். “ஐடி கம்பெனி ஓனர் மேடம், ஏனூ தொந்தரே இல்ல” என்று, ஒரு தொந்தரவும் இல்லாத வண்டி என்பதைக் கன்னடமும் தமிழும் கலந்து உருகினார். ஊரான் கார் சீட்டை எல்லாம் மோந்து மார்க் போடுகிற நான், என் சொந்தக் காரை மூக்கடைப்போடு வாங்கி வந்தேன். இதை எங்கள் தையல் லைனில் சொன்னபோது மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

மாசி வெயில் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தேன். குப்பென்று வந்தது. வருஷக்கணக்காக உள்ளேயே பிடித்துத் தள்ளிய சிகரெட்டின் நெடி. புதுப் புகை இல்லை, ஊறிப்போன புளித்த புகை. “ஐயோ, இது என்ன கண்றாவி!” என்று கதவை அறைந்து சாத்தினேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். “பழைய வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும், ஓட ஓடப் போயிடும்” என்றார்.

நெடி போகவில்லை, அவர் சட்டையில் ஏறியது. சாயங்காலம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். காலரில் மூக்கை வைத்தேன். சிகரெட். மறுபடி மோந்தேன், சிகரெட்டேதான்.

“என்னங்க இது?”

“வண்டி வாசம். காலைலயும் சாயங்காலமும் அதுக்குள்ள உக்காந்துதான வர்றேன்.”

அது நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அதுதான் என் தலைவலி. வண்டிப் புகைக்கும் வாய்ப் புகைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடலாம் என்று இரண்டு வாரம் முயன்றேன். முடியவில்லை. அந்த வண்டியின் நெடி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் மறுபடி பிடிக்க ஆரம்பித்தால்கூட எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

என்னோடு சோதனையில் உட்காருகிற தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். “அக்கா, எங்க மாமா கூட விட்டுட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணாரு. பாத்தா பாத்ரூம்ல பிடிக்கறாரு” என்றாள். அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை.

“நெசமாச் சொல்லுங்க. பிடிச்சீங்களா, இல்லையா?”

“இல்லைன்னா நம்பப் போறியா?”

“என் மூக்கு நம்பலையே!”

“அப்ப உன் மூக்கையே கேட்டுக்கோ, என்னை எதுக்குக் கேக்கறே?” என்று தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். அந்த வண்டியிலிருந்து புகையை ஓட்டாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். வண்டி சுத்தமானால் சட்டை பேசும்.

முதலில் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடித்து, சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுபோய்க் காருக்குள் வைத்துக் கதவை எல்லாம் சாத்தினேன். வீட்டில் ஏதாவது கெட்ட வாசனை என்றால் நாங்கள் செய்வது அதுதானே? கை தானாகப் போய்விட்டது. வண்டிக்குள் ஒன்றும் தெரியாத அளவுக்குப் புகை கட்டிக்கொண்டு நின்றது. அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “புகையை ஓட்டறதுக்குப் புகை போடறியா? உன்னைப் போய் டெஸ்டிங்ல வச்சிருக்காங்களே!” என்றார். சண்டைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். மறுநாள் வண்டியில் இரண்டு நெடி, சிகரெட்டும் சாம்பிராணியும் கைகோத்துக்கொண்டு. போதாக்குறைக்கு என் தலைமுடியில் சாம்பிராணி ஏறியிருந்ததால் சோதனை அறையிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது மேல் வீட்டுக் கன்னடக்கார அம்மாவின் யோசனை. “ஒந்து பட்லு காபி புடி இடி, சரி ஹோகுத்தே” என்றார். ஒரு கிண்ணம் காப்பிப் பொடி வைத்தால் சரியாகிவிடும் என்று அர்த்தம். வைத்தேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வேகத்தடையில் கிண்ணம் கவிழ்ந்து பொடி எல்லாம் கால் மிதியில் கொட்டியது. பிறகு உத்தனப்பள்ளியில் அவருடைய அண்ணன், “புதினாவைப் போட்டு வை, எந்த நாத்தமும் நிக்காது” என்று ஒரு மூட்டை புதினாவையே டிக்கியில் ஏற்றிவிட்டார். “இம்புட்டு எதுக்கு மாமா?” என்றால் கேட்கவில்லை. அதை வெயிலில் மறந்துவிட்டேன். அழுகிய புதினாவின் நாற்றத்தை மோந்தவர்களுக்குத்தான் தெரியும், மேற்கொண்டு சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும் அவர் ஒரு கை உதவவில்லை. கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், காற்று படட்டும் என்றால் மறந்துவிட்டேன் என்பார். தினமும் மறப்பாரா ஒரு மனுஷன்? அவருக்கு இந்த நெடி வசதியாக இருக்கிறது, அதன் மறைவில் பிடிக்கிறார் என்று என் மனசு சொன்னது. சொல்லச் சொல்ல ஆத்திரமும் பயமும் சேர்ந்து ஏறியது.

கடைசியில்தான் எனக்குப் புத்தி வந்தது. கம்பெனியில் தினமும் செய்வதை ஏன் வீட்டில் செய்யக் கூடாது? ஊறுகாய் ஜாடிகளைக் கழுவிக் காயவைத்தேன். சீட்டுத் துணியின் அடிப்பக்கம், கால் மிதியின் ஓரம், கூரைத் துணியில் வெயில் மறைப்பு அட்டைக்குப் பின்னால், இப்படித் தெரியாத இடங்களில் கத்திரியால் சின்னச் சின்னத் துண்டு வெட்டினேன். ஏசிக்குள் இருக்கிற வடிகட்டியில் ஒரு கீற்று. ஒவ்வொன்றையும் ஒரு ஜாடியில் போட்டு, மூடி, மொட்டை மாடி வெயிலில் வரிசையாக வைத்தேன்.

“என்னம்மா, மாங்காயா?” என்றாள் மகள்.

“உங்கப்பா ஊறுகா” என்றேன்.

மத்தியானம் முகம் கழுவி, பூ எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். சீட்டு பரவாயில்லை. கால் மிதி காப்பிப் பொடி. வடிகட்டி மோசம். கூரைத் துணியின் மூடியைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அத்தனை புகையும் மேலே போய் அந்தத் துணியில்தான் தங்கியிருந்தது. கீழே எதைத் துடைத்தாலும் வெயில் ஏறும்போது மேலேயிருந்து மறுபடி இறங்கும்.

“கூரையப் பிரிக்கணும்” என்று அவரிடம் சொன்னேன்.

“கூரையா? வண்டி நல்லாத்தான ஓடுது, விடேன்.”

“விட மாட்டேன்.”

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டார். ஓஹோ, மடியில் கனம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, சீட் கவர் தைக்கிற கடையில் வண்டியை விட்டேன். கூரைப் பலகையை இறக்கி, பழைய துணியை உரித்தார்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே மட்டும் அது மஞ்சள் பூத்திருந்தது. புதுத் துணி ஒட்டினார்கள், புது வடிகட்டி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நானே சீட் உறைகளைக் கழற்றித் துவைத்தேன், அந்தக் கொக்கிகளைக் கழற்றுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடிகளை உள்பக்கம் துடைத்தால் துணியில் பழுப்பாக வந்தது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து வாளியில் முக்கி அலசினேன். முதுகு ஒடிந்துவிட்டது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

பசை நெடி அடங்கியதும், நல்ல வெயிலில் வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு, கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். ஒன்றுமே இல்லை. துவைத்த துணியின் வாசனை மட்டும். கம்பெனியாக இருந்தால் முதல் மார்க் போட்டிருப்பேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் கையைத் தூக்கவில்லை. நானே போய்க் காலரில் மூக்கை வைத்தேன். வியர்வை, ஸ்டோர்ஸின் கிரீஸ், அவ்வளவுதான். விரலை மோந்தேன், மீசையை மோந்தேன். அவர் பிடிக்கவில்லை. பிடிக்கவே இல்லை! “பாஸ்!” என்று கத்தினேன். சந்தோஷத்தில் அன்று கேசரி கிண்டினேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

அந்த வாரம் முழுவதும் அவர் அவராக இல்லை. விரல் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தது. எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுந்தார். பென்சில் பாக்ஸைக் காணோம் என்று மகள் கேட்டதற்கு அப்படிக் கத்தினார், பிள்ளை அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள். மகளை அவர் அதட்டி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு துணி எடுக்க மாடிக்குப் போனேன். எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் கார் நிற்கும். கண்ணாடி எல்லாம் ஏற்றி, அந்த வெயிலில் உள்ளே உட்கார்ந்திருந்தார். மாட்டிக்கொண்டார் என்று படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். ஓடின வேகத்தில் கதவைத் திறந்தேன்.

புகை இல்லை. சட்டையெல்லாம் நனைந்து, சீட் பெல்ட்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“போயிடுச்சி” என்றார்.

“எது?”

“வாசம். ஒரு துளி கூட இல்லாமப் போயிடுச்சி.”

அவர் பெல்ட்டை விட்டார், அது சரசரவென்று உள்ளே ஓடியது. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

“காலைல டீ பிரேக்குல எல்லாரும் கேட்டுக்கு வெளில பெட்டிக்கடைக்குப் போவாங்க. ஆஸ்பத்திரிலருந்து வந்த நாளா எனக்கு அந்த நேரம்தான் உயிர் போவும். அங்க போனா வாங்கிடுவேன். இந்த வண்டி வந்தப்பறம் இதுக்குள்ள வந்து கண்ணாடிய ஏத்திக்குவேன். சும்மா மூச்சு இழுப்பேன். பெல் அடிச்சா எறங்கிப் போயிடுவேன். அதுலயே ஓட்டிட்டு இருந்தேம்மா. பிடிக்கணும்னே தோணாது.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“என்னான்னு சொல்றது? நாறுற வண்டிக்குள்ள போய் உக்காந்து மோந்துகிட்டு இருக்கேன்னா? அசிங்கமா இருக்காது?”

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு சிகரெட்டை எடுத்தார். வியர்வையில் வளைந்திருந்தது.

“நேத்து கடைக்குப் போயிட்டேன். வாங்கியும் வாங்கிட்டேன்.”

அதை வாங்கிப் பார்த்தேன். நுனி வெள்ளையாகவே இருந்தது.

“பத்த வைக்கல” என்றார். “நாளைக்கு வைக்க மாட்டேன்னு சொல்லத் தெரியல. இனிமே அந்த நேரத்துக்கு நா எங்க போய் உக்காருவேன், நீயே சொல்லு.”

சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்தத் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. நெஞ்சு வலியில் துடித்தபோதுகூடச் சத்தம் போடாத மனுஷன், ஒரு நாறுகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக உயிரோடு இருக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பிடியைத்தான் நான் முதுகு ஒடியத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தேன். ஆனாலும் கழுவியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூரைத் துணி என்றைக்கு இருந்தாலும் அவரைக் கடைக்குத்தான் கொண்டுபோய் விட்டிருக்கும்.

சிகரெட்டைப் பிய்த்துத் தூளாக்கி வெளியே போட்டேன். “ரொம்பக் கஷ்டமா இருக்கா?” என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே ஆமாம் என்று ஆட்டினார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவர் முதுகைத் தடவியபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் கம்பெனிக்கும் எங்களுக்கும் டீ நேரம் ஒன்றுதான். ஆனால் எங்கள் பிரிவில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லாக்கர் இருப்பது கேன்டீனுக்கு எதிர்த் திசையில். டீயா போனா என்றால் ஒன்றுதான் முடியும். திங்கட்கிழமை பெல் அடித்ததும் எல்லாரும் டீக்கு ஓட, நான் லாக்கருக்கு ஓடினேன். “அக்கா, டீ ஆறிடும்!” என்று தெலுங்குக்காரப் பெண் கத்தினாள்.

அவர் போனில் மணி ஒரு தடவை முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“எங்க இருக்கீங்க?”

“வண்டில.”

“கண்ணாடி?”

“எறக்கித்தான் விட்டிருக்கேன்.”

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே போவது கேட்டது. கடைக்குப் போகிறவர்களாக இருக்கும். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. கட்டிய நாளிலிருந்து நாங்கள் போனில் பேசியதெல்லாம் பால், கேஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம்தான்.

“டப்பால என்னா வச்சிருக்கே?” என்றார்.

“புளிசாதம்.”

“அப்பளம்?”

“உங்களுக்கு உப்பு ஆகாதுன்னு வைக்கல.”

“ஒன்னு வச்சா என்னா ஆயிடும்?”

“ஒன்னுல ஆரம்பிச்சுத்தான எல்லாம்?” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எங்கள் பக்கம் பெல் அடித்தது.

“வைக்கட்டா? உள்ள போகணும்.”

“ம். இரு, இரு.”

“என்ன?”

எங்கள் மகள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து வைத்துக்கொள்வாளே, அந்தக் குரலில், “நாளைக்கும் கூப்புடுவே இல்ல?” என்று கேட்டார்.